தண்ணீருக்குள் ஒரு எலும்பைப் பார்த்தால்

போன இதழில், மெக்சிகோவில் தண்ணீர் நிரம்பிய ஒரு குகைக்குள் டைவர்கள் 12,000 ஆண்டுகளுக்கும் பழைய ஒரு பெண்ணின் எலும்புக்கூட்டையும், கூடவே யானை, கரடி எலும்புகளையும் கண்டதைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வடசென்னையிலிருந்து. காசிமேடு, எண்ணூர், திருவொற்றியூர், உள்ளே தள்ளி வியாசர்பாடி, பெரம்பூர் வரை. கடலோடு பிழைக்கிற ஊருக்கு இந்த விஷயம் பிடித்துப்போனதில் எனக்கு ஆச்சரியமில்லை, சந்தோஷம்தான். அதனால் இந்த முறை பகுதி முழுவதும் இதற்கே.

கல்லூரி மாணவர், கொருக்குப்பேட்டை: தண்ணீர் நிரம்பிய குகைக்குள் யானை, கரடி எலும்பெல்லாம் இருக்கிறது என்கிறீர்கள். மூச்சு விடும் விலங்கு அதற்குள் எப்படிப் போயிருக்கும்? வெள்ளம் அடித்துக்கொண்டு போனதா?

இல்லை தம்பி, அவை போனபோது அங்கே தண்ணீர் இல்லை. உங்கள் பாட்டி வீட்டில் பழைய உறைகிணறு இருந்தால் யோசித்துப் பாருங்கள். சித்திரையில் வற்றிக் கிடக்கும்போது வாளி விழும், பூனை விழும், பிள்ளைகள் எறிந்த பந்து விழும். ஐப்பசி மழையில் தண்ணீர் ஏறினால் எல்லாம் அடியில் அப்படியே கிடக்கும். பூமி இதையே ஆயிரக்கணக்கான ஆண்டு கணக்கில் செய்தது, அவ்வளவுதான். கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்னால், கடல் நீரில் ஒரு பங்கு பனியாக உறைந்து நிலத்தின்மேல் கிடந்தது. கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட சுமார் 120 மீட்டர் கீழே. நம் காசிமேட்டுக் கரையிலிருந்து அன்றைக்குக் கிழக்கே நடந்தால் நெடுந்தூரம் காலில் ஈரம் படாமல் போயிருக்கலாம்.

மெக்சிகோவின் யுகடான் பகுதி முழுக்கச் சுண்ணாம்புக்கல். மழைநீர் அரித்து அரித்து உள்ளே வலைபோலக் குகைகள். அன்று அவை காய்ந்த சுரங்கங்கள். அந்த வறண்ட காலத்தில் குடிக்கத் தண்ணீர் கிடைக்கிற இடமும் அந்தக் குகைகளின் ஆழத்தில்தான், அதனால் மனிதரும் விலங்கும் இருட்டில் தடவிக்கொண்டு உள்ளே போனார்கள். உள்ளே ஓரிடத்தில் பாதை திடீரென்று முடிந்து, சுமார் 60 மீட்டர் அகலத்துக்கு ஒரு பெருங்குழி. ஸ்பானிய மொழியில் ஓயோ நெக்ரோ, கருங்குழி என்று பெயர். கால் தவறி உள்ளே விழுந்தவர் மேலே வர வழியில்லை. பனி உருகி, கடல் ஏறி, நிலத்தடி நீரும் ஏறி, குழியும் சுரங்கமும் மூழ்கின. அதன்பிறகு நரியோ கழுகோ அந்த எலும்பைத் தொடவில்லை.

2007ல் அலெக்ஸ் ஆல்வாரெஸ், ஃபிராங்கோ அட்டோலினி, ஆல்பெர்ட்டோ நாவா என்ற மூன்று டைவர்கள் அந்தச் சுரங்கத்தில் நீந்திக்கொண்டு போகும்போது தரை திடீரென்று காணாமல் போனது. விளக்கைக் கீழே காட்டினால் ஒளி எதிலும் படவில்லை. பிறகு இறங்கிப் பார்த்தபோதுதான் அந்தப் பெண்: மண்டையோடு தலைகீழாக, தன் கை எலும்பின்மேலேயே சாய்ந்து கிடந்தது, பற்கள் வரிசை குலையாமல். வயது 15, 16 இருக்கும். நயா என்று பெயர் வைத்தார்கள். அதே குழியில் யானை இனத்தைச் சேர்ந்த கோம்ஃபோதீர், கத்திப்பல் பூனை, மெதுவாக நகரும் ஸ்லாத் விலங்கில் தரையில் நடமாடிய பெரிய வகை, குறுமுகக் கரடி. அந்தக் கரடி இனமும், கூடக் கிடைத்த ஒரு காட்டுநாய் இனமும் அதுவரை தென் அமெரிக்காவில் மட்டும் வாழ்ந்ததாக நினைத்திருந்தார்கள். வெறும் எலும்பு, ஒரு கண்டத்தின் வரைபடத்தையே திருத்திவிட்டது.

இல்லத்தரசி, தண்டையார்பேட்டை: இதெல்லாம் விஞ்ஞானிகள் செய்ய வேண்டிய வேலை இல்லையா? பொழுதுபோக்குக்கு முக்குளிக்கிறவர்களை நம்பி விடலாமா?

நம்பலாம் அம்மா, நம்பாமல் வேறு வழியும் இல்லை. எலும்பைப் படிக்கத் தெரிந்த பேராசிரியருக்கு, கூரைக்கும் தரைக்கும் நடுவே கொடும் இருட்டில் ஒரு கிலோமீட்டர் நீந்திப் போய்த் திரும்பத் தெரியாது. அது பல ஆண்டுப் பயிற்சி. அதைக் கற்றவர்கள் வேறு வேறு வேலை பார்க்கிற சாதாரண மனிதர்கள், சனி ஞாயிறு விடுமுறையில், சொந்தக் காசில். அவர்கள் போகாத இடத்தில் எந்த அறிவியலும் நடக்காது.

ஆனால் அவர்கள் செய்ததை ஒழுங்காகச் செய்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கருங்குழியைக் கண்டவர்கள் ஒரு எலும்பைக்கூட நினைவுக்கு என்று எடுத்து வரவில்லை. படம் எடுத்தார்கள், அளந்தார்கள், மெக்சிகோவின் தேசியத் தொல்லியல் நிறுவனத்திடம் சொன்னார்கள். அதன்பிறகு ஜேம்ஸ் சாட்டர்ஸ் தலைமையில் ஆய்வாளர்கள் சேர்ந்து 2014ல் 'சயின்ஸ்' இதழில் கட்டுரை வெளியிட்டபோது, ஆசிரியர் பட்டியலில் டைவர் நாவாவின் பெயரும் இருந்தது. கீழே நன்றி என்று ஒரு வரியில் இல்லை, ஆசிரியராகவே.

பஹாமாஸ் தீவுகளில் சாமில் சிங்க் என்ற பள்ளத்திலும் இதே கதைதான். 2004ல் பிரையன் கக்குக் என்ற டைவர் அடியில் ஓர் ஆமை ஓட்டைப் பார்த்தார். இன்று அந்தத் தீவில் அப்படி ஒரு நில ஆமையே கிடையாது. முதலை, ஆந்தை என்று பின்னால் வரிசையாகக் கிடைத்தன. எலும்பு இவ்வளவு நன்றாக நின்றதற்குக் காரணம் கேட்டால் நம் ஊர்க்காரர்களுக்கு உடனே புரியும்: தண்ணீரின் நடுவில் ஹைட்ரஜன் சல்ஃபைடு கலந்த ஓர் அடுக்கு. பக்கிங்காம் கால்வாய்ச் சேற்றைக் குச்சியால் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வருகிறதே, அதே வாயு. அதற்குக் கீழே பிராணவாயு இல்லை, அரிக்கிற உயிர்களும் இல்லை. அந்த அடுக்கைக் கடந்துதான் டைவர் ஒவ்வொரு தடவையும் இறங்க வேண்டும். 2007ல் வந்த ஆய்வுக் கட்டுரையில் கக்குக்கும் ஓர் ஆசிரியர்.

மடகாஸ்கரிலும் டொமினிக்கன் குடியரசிலும் அழிந்துபோன லெமூர், குரங்கு எலும்புகளை நீருக்கடிக் குகைகளில் முதலில் பார்த்தவர்கள் டைவர்கள்தான். இந்தப் பட்டியல் இன்னும் நீளும், இடம் இல்லை.

தனியார் நிறுவன ஊழியர், மணலி: எலும்பின் வயதை எப்படிச் சொன்னார்கள்?

நயாவின் விஷயத்தில் இரண்டு பக்கமிருந்து நெருக்கினார்கள். பல் எனாமலில் உள்ள கார்பனை அளந்தது ஒன்று. இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது: குகை ஈரமாக மட்டும் இருந்த காலத்தில் மேலிருந்து சொட்டிய நீர், எலும்பின்மேல் சின்னச் சின்னப் பூப்போலச் சுண்ணாம்புப் படிவங்களை வைத்துவிட்டுப் போயிருந்தது. அந்தப் பூவின் வயதை யுரேனியம், தோரியம் அளவை வைத்துக் கணக்கிடலாம். பூ பூப்பதற்கு முன்பே எலும்பு அங்கே கிடந்திருக்க வேண்டும், இல்லையா? இரண்டையும் சேர்த்து 12,000க்கும் 13,000க்கும் இடையே என்று நிறுத்தினார்கள். யாராவது எலும்பைக் கையிலெடுத்துத் துடைத்திருந்தால் அந்தப் பூக்கள் போயிருக்கும்.

மீனவர், காசிமேடு: நான் தம் கட்டி எட்டு பாகம் இறங்குவேன். கப்பல் அடியில் சிக்கிய வலையை அறுத்து எடுத்திருக்கிறேன், அறுந்த நங்கூரம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். காற்று சிலிண்டர் கட்டி இறங்குகிற ஸ்கூபாவை மட்டும் எனக்குச் சொல்லிக்கொடுத்தால் இந்தக் குகை வேலைக்குப் போகலாமா?

அண்ணே, உங்கள் தம்மும் கண்ணும் எனக்கு வராது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கலங்கின தண்ணீரில் கைத்தடவலில் வேலை செய்கிற உங்களைப் போன்றவர்களைப் பார்த்துப் பயிற்சி பெற்ற டைவர்களே மலைத்ததை நான் நேரில் கண்டிருக்கிறேன். ஆனால் குகைக்கு மட்டும், வெறும் ஸ்கூபா சான்றிதழை வைத்துக்கொண்டு, போகவே போகாதீர்கள். யார் கூப்பிட்டாலும், எவ்வளவு கூலி சொன்னாலும்.

கடலில் ஏதாவது ஆனால் நீங்கள் என்ன செய்வீர்கள்? மேலே வருவீர்கள். குகையில் மேலே இருப்பது பாறை. வந்த வழியிலேதான் திரும்ப வேண்டும், அந்த வழி அரை மணி நேரமாகக்கூட இருக்கலாம். அப்புறம் சேறு. குகைத் தரையில் மாவு மாதிரி நுண்ணிய வண்டல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அசையாமல் படிந்து கிடக்கும். துடுப்புச் செருப்பின் நுனி ஒரு தடவை பட்டால் போதும், பால் ஊற்றின மாதிரி எழும்பும். நூறு அடி தெளிவாகத் தெரிந்த தண்ணீரில், முகத்துக்கு முன்னால் பிடித்த கை தெரியாது. விளக்கு இருந்தும் பயனில்லை, அந்த வெண்மைதான் பளீரென்று திருப்பி அடிக்கும். அது மறுபடி அடங்க மணிக்கணக்காகும், சிலிண்டரில் காற்று அதுவரை இருக்காது.

அதனால்தான் அந்த ஆட்கள் சில விதிகளை உயிராகப் பிடித்திருக்கிறார்கள். வெளியே வெளிச்சம் தெரிகிற இடத்திலிருந்து உள்ளே கடைசி வரைக்கும் அறுபடாமல் ஒரு கயிறு. கண் தெரியாவிட்டாலும் விரலை வளைத்து அதைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்துவிடலாம். காற்றில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு ஆபத்துக்கு. ஆளுக்கு மூன்று விளக்கு. இதற்கென்றே தனிப் பயிற்சி இல்லாமல் உள்ளே போகக்கூடாது, பழகிய ஆழத்தைத் தாண்டக்கூடாது. ஃபுளோரிடாவின் குகை டைவர் ஷெக் எக்ஸ்லி 1970களில், குகையில் இறந்தவர்களின் விபத்துகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, பெரும்பாலும் திரும்பத் திரும்ப இந்த விதிகளில் ஏதோ ஒன்று மீறப்பட்டிருக்கிறது என்று காட்டினார். அவ்வளவு தெரிந்த அவரே 1994ல் மெக்சிகோவின் ஓர் ஆழ்குழியில் இறந்தார். பிரான்சில், மார்சேய் பக்கம் கடலுக்கடியில் 37 மீட்டரில் வாசல் உள்ள கோஸ்கேர் குகையில் 1991ல் மூன்று டைவர்கள் சுரங்கத்தில் வழி தவறி இறந்தார்கள். உள்ளே பனியுக மனிதர் வரைந்த குதிரையும் கைத்தடமும் இருப்பது வெளியுலகத்துக்கு அந்த ஆண்டுதான் தெரிய வந்தது. ஆஸ்திரேலியாவின் மவுன்ட் கேம்பியர் பகுதியில் மரணங்கள் அடுத்தடுத்து நடந்த பிறகு, டைவர்களே 1973ல் சங்கம் அமைத்து, இன்ன தகுதி உள்ளவருக்கு இன்ன குகை என்று கட்டுப்பாடு வைத்தார்கள். அந்தச் சங்கத்து ஆட்கள்தான் பின்னால் அங்கே மூழ்கிய குகையிலிருந்து அழிந்துபோன கங்காரு வகைகளின் எலும்புகளைப் பதிவு செய்ய ஆய்வாளர்களுக்குத் துணை நின்றார்கள்.

உங்களுக்கு வீட்டில் பிள்ளைகள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நம் கடலிலேயே உங்கள் கண்ணுக்கு வேலை இருக்கிறது, கடைசிக் கேள்வியின் பதிலையும் படியுங்கள்.

புகைப்படக் கலை மாணவர், வியாசர்பாடி: தண்ணீருக்கடியில் எலும்பைத் தொடாமலே முப்பரிமாண உருவம் எடுக்கிறார்கள் என்று படித்தேன். எப்படி? என்னிடம் இருப்பது ஒரு சாதாரண மொபைல்தான். அதில் கற்க முடியுமா?

முடியும், இந்தக் கேள்விக்காகவே உங்களைப் பிடித்துவிட்டது. இதற்கு ஃபோட்டோகிராமெட்ரி என்று பெயர். நம் இரண்டு கண்ணும் ஒரே பொருளைச் சற்று வேறு வேறு இடத்திலிருந்து பார்ப்பதால்தான் தூரம் தெரிகிறது. அதையே இருநூறு கண் வைத்துப் பார்த்தால்? ஒரே பொருளைச் சுற்றி இருநூறு படம். கணினி அந்தப் படங்களில் பொதுவாக உள்ள புள்ளிகளை, ஒரு கீறல், ஒரு கறை, ஓர் ஓட்டை, தேடிப் பொருத்தி, ஒவ்வொரு புள்ளியும் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போட்டு உருவத்தைக் கட்டிவிடும்.

மெக்சிகோவில் லா மினா என்று ஒரு மூழ்கிய குகை. 10,000 முதல் 12,000 ஆண்டுகளுக்கு முன்னால் மக்கள் அங்கே காவிக்கல் வெட்டியிருக்கிறார்கள், வழி மறக்காமல் இருக்கக் கற்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள், நெருப்பு மூட்டிய கரியும் கிடக்கிறது. உள்ளூர் டைவர்கள் ஆயிரக்கணக்கான படங்களை எடுத்து அந்தச் சுரங்கத்தின் உருவத்தைக் கட்டினார்கள். அதை வைத்து, தண்ணீரில் இறங்காத ஆய்வாளர்களும் தங்கள் மேசையில் உட்கார்ந்து அந்தச் சுரங்கத்தில் நடந்து பார்த்தார்கள். 2020ல் கட்டுரை வந்தது.

சரி, உங்கள் மொட்டை மாடிக்கு வருவோம். வீட்டில் பழைய மண்சட்டி ஒன்று இருக்கும், கரி பிடித்தது, விளிம்பு உடைந்தது, அது போதும். பளபளக்கிற எவர்சில்வர் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம், ஒளி திரும்பி அடித்தால் கணினி குழம்பும். வெயில் தாழ்ந்து நிழல் மட்டும் இருக்கிற சாயங்காலம் நல்ல நேரம். சட்டியை ஒரு பழைய செய்தித்தாளின்மேல் வையுங்கள், எழுத்துகள் கணினிக்கு அடையாளப் புள்ளியாகும். பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட ஸ்கேல், எண்கள் மேலே தெரியும்படி. சட்டியைத் திருப்பக்கூடாது, நீங்கள்தான் சுற்ற வேண்டும். குந்தி உட்கார்ந்து தரை மட்டத்தில் ஒரு சுற்று, இடுப்பு உயரத்தில் ஒரு சுற்று, மேலிருந்து குனிந்து ஒரு சுற்று. ஒவ்வொரு படமும் முந்தைய படத்தின் முக்கால் பங்கைத் திரும்பக் காட்ட வேண்டும். ஜூம் தொடாதீர்கள், வெளிச்ச அளவைப் பூட்டிவிடுங்கள், ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். அறுபது, எழுபது படம் வந்துவிடும். மெஷ்ரூம் என்ற மென்பொருள் இலவசம், கொஞ்சம் நல்ல கணினி மட்டும் வேண்டும், கல்லூரி ஆய்வகத்தில் கேட்டுப் பாருங்கள்.

முதல் தடவை சட்டியின் ஒரு பக்கம் ஓட்டையாக வரும். எந்த இடத்தில் ஓட்டையோ அங்கே நீங்கள் படத்தை இடைவெளி விட்டு எடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். மறுநாள் திரும்ப எடுங்கள். டைவர்களுக்கு அந்த மறுநாள் சுலபமாகக் கிடைப்பதில்லை. பத்து நிமிடம் வேலை செய்ய ஒரு மணி நேரம் நீந்திப் போகிறவர்களுக்கு, இடைவெளி விடாமல் எடுக்கிற பழக்கம் கையில் ஊறியிருந்தால்தான் போன வேலை முடியும். தண்ணீரில் இன்னும் தொல்லைகள் உண்டு: ஆழம் போகப் போகச் சிவப்பு நிறம் மறைந்துவிடும், எனவே விளக்கு கொண்டுபோக வேண்டும், அதைக் கேமராவுக்குப் பக்கத்திலேயே பிடித்தால் மிதக்கும் தூசியெல்லாம் பனிபோல ஒளிரும், எனவே கையை நீட்டிப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். இதற்கெல்லாம் நடுவில் உடம்பு ஏறாமல் இறங்காமல் எலும்புக்கு ஒரு முழத்துக்கு மேலே அப்படியே நிற்க வேண்டும். ஒரு மூச்சு ஆழமாக இழுத்தாலே உடம்பு ஏறும்.

சட்டி நன்றாக வந்தவுடன் எனக்கு அனுப்புங்கள், உண்மையாகவே பார்க்க ஆசை.

ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், பெரம்பூர்: இவ்வளவு அரிய இடம் என்றால் எங்கே இருக்கிறது என்று உலகத்துக்கே அறிவிக்க வேண்டாமா? ஏன் மறைக்கிறார்கள்?

ஐயா, மறைக்காததால் என்ன ஆனது என்று ஓர் உதாரணம். 2012ல் மெக்சிகோவின் சான் ஓல் குகையில் ஒரு மனித எலும்புக்கூடு தெரிய வந்தது. படங்கள் இணையத்தில் பரவின. ஆய்வாளர்கள் போவதற்குள் யாரோ இறங்கி எலும்புகளை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது துண்டு துணுக்குகளும், மேலிருந்து சொட்டிய சுண்ணாம்பு வளர்ந்து மூடிக்கொண்டதால் பெயர்க்க முடியாமல் போன இடுப்பெலும்பும். அந்த இடுப்பெலும்பை வைத்துத்தான் 2017ல், சுமார் 13,000 ஆண்டுப் பழமை என்று சொல்ல முடிந்தது. தலை எங்கே, யார் வீட்டு அலமாரியில், தெரியாது. அது நம் மனித இனத்தின் மூத்தவர் ஒருவருடைய தலை, அதை நினைத்தால் இன்றும் மனது ஆறவில்லை. நயாவைக்கூட அங்கேயே விட்டுவைக்கத்தான் முதலில் நினைத்தார்கள். அனுமதியில்லாமல் ஆட்கள் இறங்கி எலும்புகள் அசைந்துபோனதால், 2014ல் தொடங்கி மேலே கொண்டுவர வேண்டியதாயிற்று. அறிவிக்க வேண்டியதை அறிவிக்கலாம், இடத்தை மட்டும் உரிய துறையிடம்தான் சொல்ல வேண்டும்.

பள்ளி ஆசிரியை, திருவொற்றியூர்: எங்கள் பிள்ளைகள் மெக்சிகோவுக்குப் போக முடியாது. இங்கே அவர்கள் பார்க்கவும் செய்யவும் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது டீச்சர், உங்கள் பள்ளிக்கு மிகப் பக்கத்திலேயே தொடங்கலாம். எண்ணூர் முகத்துவாரத்தில் வந்து சேர்கிற கொசஸ்தலை ஆற்றைப் பிள்ளைகள் சாம்பலும் எண்ணெயும் மிதக்கிற தண்ணீராகத்தான் பார்த்திருப்பார்கள். அதே ஆற்றோரமாக மேலே போனால், பூண்டிக்கு அருகே அத்திரம்பாக்கம். 1863ல் பல்லாவரத்தில் கற்கருவியைக் கண்ட நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட், அதே ஆண்டு அத்திரம்பாக்கத்தையும் கண்டார். பின்னால் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் அங்கே தோண்டி, 15 லட்சம் ஆண்டுப் பழைய கற்கோடரிகளை 2011ல் அறிவித்தார்கள். கல்லாகிப்போன விலங்குப் பற்களும் அங்கே கிடைத்தன. உங்கள் பிள்ளைகள் தினமும் பாலத்தில் தாண்டுகிற ஆறு அது. மெக்சிகோ மாதிரி நீருக்கடிக் குகை வலை நம் சென்னையில் கிடையாது, அந்த அளவுக்குச் சுண்ணாம்புக்கல் நம் மண்ணில் இல்லை. ஆனால் ஆற்றங்கரை இருக்கிறது, எழும்பூர் அருங்காட்சியகம் இருக்கிறது, ஃபுட் சேகரித்தவை அங்கே வந்திருக்கின்றன. ஒரு நாள் தங்குகிற பயணம் என்றால், பெரம்பலூர் பக்கம் சாத்தனூரில் 12 கோடி ஆண்டுப் பழைய கல்மரம், 18 மீட்டர் நீளம். அரியலூரில் கடல் இருந்த காலத்து அம்மோனைட்டுகள், அதாவது சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடல் உயிரின் கல்லாகிப்போன எச்சங்கள்.

அரியலூர் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கல்லூரியில் படிக்கும்போது அங்கே ஓர் ஓடைக்கரையில், உள்ளங்கை அகலத்தில் ஓர் அம்மோனைட்டைக் கண்டேன். ஆட்டுக்கொம்பு சுருண்ட மாதிரி, வரிவரியாக, ஒரு பக்கம் மட்டும் மஞ்சள் மண் ஒட்டிக்கொண்டு. பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து மண்ணைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் சுத்தமாகத் தேய்த்தேன். சில ஆண்டு கழித்து ஒரு புவியியல் பேராசிரியரிடம் கொடுத்தபோது அவர் கேட்டது மூன்று கேள்விகள். எந்த ஓடை, கரையில் எவ்வளவு உயரத்தில், எந்த நிற அடுக்கில்? மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. ஒட்டியிருந்த மண்ணாவது இருக்கிறதா என்றார். அதையும் நான்தான் கழுவியிருந்தேன். திட்டவில்லை, கல்லை என் கையில் திருப்பிக் கொடுத்தார். இன்றும் என் மேசையில்தான் இருக்கிறது, அழகாக, ஆய்வுக்கு எந்த வகையிலும் உதவாமல்.

எனவே பிள்ளைகளுக்கு முதலில் எழுதப் பழக்குங்கள். ஒரு நோட்டு, ஒரு ஸ்கேல், ஒரு மொபைல். கடற்கரையில் ஒதுங்குகிற சங்கு, கிளிஞ்சல், ஆமை ஓடு, எதைக் கண்டாலும் தொடுவதற்கு முன் படம், ஸ்கேலுடன் படம், தள்ளி நின்று இடம் தெரியும்படி ஒரு படம், தேதி, நேரம், யார் பார்த்தது. சென்னைக் கடற்கரையில் 1980களிலிருந்து மாணவர்கள் இரவிரவாக நடந்து பங்குனி ஆமைகளின் கூடுகளைக் கணக்கெடுத்து வருகிறார்கள், அந்தக் கணக்கு இன்று எவ்வளவு உதவுகிறது பாருங்கள். குகைக்குள் டைவர் செய்வதும் இதே வேலைதான், தண்ணீருக்குள் செய்கிறார்.

மீனவர் மகள், பிளஸ் டூ படிப்பவர், எண்ணூர்: போன வாரம் அப்பா வலையில் முழங்கை நீளத்துக்கு எலும்பு மாதிரி ஒன்று வந்தது. கல் மாதிரி கனம். உடைந்த இடத்தில் தேன்கூடு போலச் சின்னச் சின்ன ஓட்டை. அம்மா தூக்கிப் போடச் சொல்கிறார், நான் மாடியில் வெயிலில் காய வைத்திருக்கிறேன். என்ன செய்ய?

கண்ணு, முதலில் அதை வெயிலிலிருந்து எடுத்துவிடுங்கள். இதைப் படித்தவுடனே. நீரில் ஊறிக் கிடந்த எலும்பு, உள்ளே இருக்கும் ஈரம் வேகமாகப் போனால் வெடித்துப் பாளம் பாளமாக உதிரும். ஆய்வாளர்கள் நீருக்கடி எலும்பை மேலே கொண்டுவந்தால் நீரிலேயே வைத்து, மாதக்கணக்கில் மெதுவாகத்தான் காய வைக்கிறார்கள். உங்களுடையது இன்னும் ஈரமாக இருந்தால் ஈரத்துணியில் சுற்றி, மூடிபோட்ட வாளியில், நிழலில். முழுக்கக் காய்ந்துவிட்டிருந்தால் திரும்ப நனைக்க வேண்டாம், நிழலில் வைத்தால் போதும். பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், வார்னிஷ் அடிக்காதீர்கள். எலும்பா என்று சோதிக்க நாக்கில் ஒட்டிப் பார்ப்பது ஒரு பழைய வழி, நுண்துளை இருந்தால் நாக்கில் ஒட்டும், ஆனால் எண்ணூர் கடலிலிருந்து வந்த பொருளை வாயில் வைக்கவே கூடாது.

தேன்கூடு போன்ற ஓட்டை இருப்பதால் எலும்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இன்றைய திமிங்கிலத்தின் எலும்பாகவும் இருக்கலாம். திமிங்கிலம் வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட உயிர், அதன் பாகத்தை வீட்டில் வைத்துக்கொள்வதோ விற்பதோ குற்றம். யாராவது காசு தருகிறேன் என்று வந்தால் அப்பாவைக் கொடுக்க விடாதீர்கள். வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள், வலையில் தானாக ஏறியது என்று முதலிலேயே சொல்லுங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு எலும்பைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், படங்களை மட்டும் கொண்டுபோய் விலங்கியல் பிரிவிலும் நிலவியல் பிரிவிலும் காட்டுங்கள்.

அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. அப்பா இன்று கரையில் இருந்தால் இன்று இரவே உட்கார வைத்துக் கேளுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வலை இழுத்தது? ஜிபிஎஸ் கருவி படகில் இருந்தால் அந்த எண்கள் அழியாமல் இருக்கும், நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கருவி இல்லையென்றால், கரையில் எந்தப் புகைபோக்கியும் எந்தக் கோபுரமும் ஒரே நேர்கோட்டில் தெரிந்தன என்று கேளுங்கள், அவருக்கு அது தெரியும். எத்தனை பாகம் ஆழம்? அடியில் சேறா, மணலா, பார் என்கிற பாறைத்திட்டா? வலையில் கூடவே என்ன ஏறியது, சிப்பியா, மரத்துண்டா, வெறும் மீனா? வலையில் இன்னும் அந்த இடத்துச் சேறு ஒட்டியிருந்தால் ஒரு பிடி எடுத்து டப்பாவில் போட்டு, மேலே தேதியை எழுதி ஒட்டுங்கள்.